நாற்பதுக்கு மேலும் வளர்ச்சி உண்டு

பி.எட். படித்தவர்களுக்கு உளவியலாளர் எரிக் எரிக்சன் பெயர் நினைவிருக்கும். மன வளர்ச்சிக்கு எட்டு வரி அட்டவணை. பரீட்சைக்கு உருப்போட்டு எழுதிவிட்டு மறந்துபோகும் சமாசாரம். பாவம், அந்த மனிதர் சொன்னது அட்டவணைக்குள் அடங்குகிற விஷயமே இல்லை. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

மனத்தின் அஸ்திவாரம் ஐந்தாறு வயதுக்குள் விழுந்துவிடுகிறது என்பது ஃபிராய்டு வழி வந்தவர்களின் எண்ணம். எரிக்சன் 1950இல் வெளியிட்ட ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ நூலில் மன வளர்ச்சியைச் சாகும் வரைக்கும் நீட்டினார். எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இழுபறி. கைக்குழந்தைக்கு, இந்த உலகத்தை நம்பலாமா என்பது. அழுதால் ஆள் வருகிறது, பசித்தால் பால் வருகிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் நம்பிக்கை வேர்விடும். நம்பிக்கை பாஸ், அவநம்பிக்கை ஃபெயில் என்றுதான் அட்டவணை நம்மைப் படிக்க வைக்கிறது. எரிக்சனோ இரண்டும் வேண்டும், நம்பிக்கையின் பக்கம் தட்டு தாழ்ந்திருந்தால் போதும் என்றார். துளிக்கூடச் சந்தேகமே இல்லாத பிள்ளை, கூப்பிட்டவர் பின்னாலெல்லாம் போய்விடுமே!

“நானே சாப்பிடுவேன்” என்று தட்டைப் பிடுங்கும் இரண்டு வயது, விளையாட்டுக்குத் தானே தலைமையேற்கும் நாலு வயது, தன்னால் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய முடியுமா என்று தவிக்கும் பள்ளி வயது. இவற்றை வீட்டிலேயே பார்க்கிறோம்.

ஐந்தாவது கட்டம், நான் யார் என்று தேடும் விடலைப் பருவம். அது அவருடைய சொந்தக் கதை. 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர்; பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியாது. வளர்ப்புத் தந்தை ஹோம்பர்கர் என்ற யூத மருத்துவர். பள்ளியில் யூதன் என்று கேலி; யூதர் கோயிலிலோ, பொன்னிற முடியைப் பார்த்து, நீ நம்மவன் இல்லை என்று கேலி. ஓவியராக ஊர் சுற்றி, வியன்னாவில் பள்ளி ஆசிரியராகி, அன்னா ஃபிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்று, 1933இல் அமெரிக்கா போனார். அங்கே குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். பட்டம் எதுவும் இல்லாமல் ஹார்வர்டில் பேராசிரியரானார். ‘அடையாள நெருக்கடி’ என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்வது இவர் கொடுத்ததுதான்.

அடுத்து இன்னொருவரோடு நெருங்கும் இளமை. அடையாளம் முதலில், நெருக்கம் பிறகு என்ற அந்த வரிசை ஆண்களைப் பார்த்துப் போட்டது என்று, ஹார்வர்டில் அவரோடு பணியாற்றிய கேரல் கில்லிகன் 1982இல் எழுதினார். நியாயமான குறைதான்.

நம் உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் எண்ணி, நாற்பதோடு நிறுத்திக்கொண்டது. எரிக்சன் எனக்குச் சுவைப்பது அதற்கு அப்பால்தான். நடுவயதின் கேள்வி, அடுத்த தலைமுறைக்கு நான் என்ன செய்கிறேன் என்பது. பிள்ளை பெற்றால் மட்டும் தீர்ந்துவிடாது. தொழில் கற்றுக்கொடுப்பதும் ஒரு சங்கத்தைக் கட்டி வளர்ப்பதும் இதில் சேரும். சிறியவர்களுக்குப் பெரியவர்கள் தேவைப்படுவதைப் போலவே, தாங்கள் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு பெரியவர்களுக்கு வேண்டும். அது இல்லாதபோது மனம் தேங்கிப்போகிறது.

நடுவயதின் இந்தப் பொறுப்புக்கு அவர் எடுத்த உதாரணம் காந்தி. 1918 அகமதாபாத் ஆலை வேலைநிறுத்தத்தின்போது காந்திக்கு 48 வயது. தொழிலாளர் பக்கம் அனசூயா சாராபாய். எதிரே ஆலை முதலாளிகளின் தலைவராக அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால். சோர்ந்துபோன தொழிலாளரைப் பார்த்து காந்தி உண்ணாவிரதம் இருந்தார். சொந்தப் பிள்ளைகளைத் தாண்டி, ஒரு நாட்டுக்கே பொறுப்பேற்கத் தொடங்கிய நடுவயது மனிதரை எரிக்சன் அங்கே கண்டார். இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1970இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதன் நடுவே காந்தியிடமே பேசுவதுபோல ஒரு கடிதம் வருகிறது; மனைவியையும் ஆசிரமப் பிள்ளைகளையும் நடத்திய விதத்தை அதில் கண்டிக்கிறார். ஆனால் இதே எரிக்சன், டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த தன் மகனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, குழந்தை பிறந்ததும் இறந்துவிட்டதாக மற்றப் பிள்ளைகளிடம் சொன்னவர். கோட்பாடு எழுதியவருக்கும் அதன்படி வாழ்வது எளிதாக இல்லை.

எட்டாவது, வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து ஏற்கும் முதுமை. எரிக்சன் 1994இல் இறந்தார். தொண்ணூறைத் தாண்டிய அவர் மனைவி ஜோன், எட்டோடு கணக்கு முடியவில்லை என்றார். உடம்பே சொன்னபடி கேட்காத வயதில் எட்டு இழுபறிகளும் திரும்ப வருகின்றன, அப்போது அவநம்பிக்கைதான் முன்னால் நிற்கிறது என்று வரிசையையே மாற்றி எழுதினார். இதைச் சேர்த்த, எரிக்சன் நூலின் விரிவான பதிப்பு 1997இல் வந்தது. உங்கள் வீட்டில் யாராவது பரீட்சைக்கு அட்டவணையை உருப்போட்டுக்கொண்டிருந்தால், ஒன்பதாவது வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.