மருந்து ஏறும் முன்பே கேளுங்கள்

(எலும்புப் புற்றுநோய் தொடர் – 9)

இடுப்பெலும்பில் வரும் யூவிங் சார்கோமா பெரும்பாலும் வளரும் பிள்ளைகளைத்தான் தாக்குகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அறுவை செய்து முழுதாக எடுக்க முடியாத இடத்தில் கட்டி இருந்தால் கதிர்வீச்சுதான் கைகொடுக்கும். நாளுக்கு 1.8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 31 முறை, மொத்தம் 55.8 கிரே என்பது வழக்கமான கணக்கு.

ஆனால் கட்டியை ஒட்டியே சிறுகுடல், மலக்குடல், சிறுநீர்ப்பை, சினைப்பை எல்லாம் இருக்கின்றன. சிறுகுடல் தாங்குவது ஏறத்தாழ 45 முதல் 50 கிரே. சினைப்பையில் பாதிக் கருமுட்டைகள் அழிய 2 கிரேயே போதும். கட்டியைச் சுட வேண்டும், குடலைக் காக்க வேண்டும்; கதிரியக்க மருத்துவத்தின் பாதி உழைப்பு இதற்கே போகிறது.

அடையாறு புற்றுநோய் மையத்துக்கு 1957-இல் கோபால்ட் இயந்திரம் வந்த காலத்தில், காக்க வேண்டிய இடத்தை ஈயக் கட்டிகளால்தான் மறைத்தார்கள். இன்றைய ஐ.எம்.ஆர்.டி. முறையில் கதிர் பல கோணங்களிலிருந்து சிறிது சிறிதாக வருகிறது. பல வாய்க்கால் நீர் ஒரே வயலில் சேர்வதுபோல, முழு அளவு கட்டியில் மட்டும் சேர்கிறது. புரோட்டான் கதிரோ கட்டியைத் தாண்டி ஏறக்குறைய நின்றேவிடும். அந்தச் சிகிச்சை 2019 முதல் சென்னை தரமணியில் இருக்கிறது. எல்லாருக்கும் அது தேவைப்படாது.

இயந்திரம் எதுவானாலும் நோயாளியின் பங்கு ஒன்று உண்டு. சிகிச்சைக்கு முன் சி.டி. எடுக்கும் நாளில் சிறுநீர் கழிக்கச் சொல்லி, அளந்து தண்ணீர் கொடுத்து, கடிகாரம் பார்த்துக் காத்திருக்க வைப்பார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தள்ளி, கதிரின் பாதையிலிருந்து விலக்கும். பிறகு இடுப்பில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் குத்துவார்கள். தினமும் அதே புள்ளிகள், அதே அளவு தண்ணீர், அதே படுக்கை நிலை. ஒரு நாள் பை காலியாக இருந்தால் அன்று குடல் கீழே இறங்கிவிடும்.

தினமும் இப்படி வருவது தொலைவில் இருப்பவர்களுக்கு எளிதல்ல; அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டர். வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரத்துக்கு மேல் போய்வர வேண்டும். பேருந்தில் அடக்க முடியாதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபின் குடியுங்கள். சிகிச்சை ரமலான் நோன்பு மாதத்தில் வந்தால் மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்பே பேசுங்கள். நோயாளி நோன்பை விட்டுவிட்டு, குணமானபின் களா செய்ய, அதாவது விட்ட நோன்பை நோற்க, மார்க்கத்தில் இடமுண்டு.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: பிள்ளையின் குழந்தைப்பேறு. பையனின் விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம். கதிரின்போது விதைக்கு ஈயக் கவசம் போடலாம். பெண்ணின் சினைப்பையை லேப்ராஸ்கோப்பி மூலம் மேலே நகர்த்திவைக்க முடியுமா என்று பார்க்கலாம். யூவிங் கட்டிக்குக் கீமோதான் முதலில் தொடங்கும். அந்த மருந்துகளும் கருவளத்தைக் கெடுக்கும். எனவே கதிர்வீச்சு வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பதினாறு வயதுப் பிள்ளை இதைத் தானாகக் கேட்காது. பெற்றோரே, முதல் கீமோ ஏறும் முன்பே நீங்கள் கேளுங்கள்.

(தொடரும்)