குதிரைத்திறனும் முறுக்குவிசையும்

நுழையும்முன்

கார் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது குதிரைத்திறனைக் காட்டும் எண். அவ்வெண் பெரிதாயின் எஞ்சினும் வலிது என நம்பிப் பல குடும்பங்கள் கடன் பெற்றுக் கார் வாங்குகின்றன. அந்நம்பிக்கை எவ்வளவு சரியானது?

விசையும் திறனும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். இறுகிய நட்டைக் கழற்றத் தொழிலாளி நீண்ட பிடியுள்ள ஸ்பேனரையே எடுக்கிறார். கைவலிமை மாறவில்லை, பிடியின் நீளத்தால் திருகும் வலிமை கூடுகிறது. இவ்வாறு ஒன்றைச் சுழற்றும் விசையே டார்க் எனப்படும் முறுக்குவிசை. இதனை நியூட்டன் மீட்டரில் அளப்பர்.

திறன் என்பது வேலை நடைபெறும் விரைவு. 75 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது ஒரு மெட்ரிக் குதிரைத்திறன். முறுக்குவிசையை எஞ்சினின் நிமிடச் சுழற்சியால் பெருக்கி 7,023ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். எனவே, இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை.

போட்டிக் கார்கள்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை உள்ளது. 1998இல் அங்குச் சான்ட்ரோ கார் உற்பத்தி தொடங்கியது. அந்நிறுவனம் 2013இல் வெளியிட்ட கிராண்ட் ஐ10 காருக்கு மாருதி சுசுகியின் ஸ்விஃப்ட் போட்டியாக விளங்கியது.

கிராண்ட் ஐ10 காரின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 6,000 சுழற்சியில் 83 குதிரைத்திறனும், 4,000 சுழற்சியில் 114 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் 4,000 சுழற்சியில் 75 குதிரைத்திறனும், 2,000 சுழற்சியிலேயே 190 நியூட்டன் மீட்டரும் தந்தது.

எண்ணை மட்டும் பார்த்தால் 83 வெல்கிறது. ஆனால், ஆவடி, அம்பத்தூர்ச் சாலை நெரிசலில் எஞ்சின் 6,000 சுழற்சியை எட்டுவது அரிது. 2,000 சுழற்சியில் கணக்கிடுக: டீசல் எஞ்சின் 54 குதிரைத்திறன் தருகிறது, பெட்ரோல் எஞ்சினோ 32க்கு மேல் தர இயலாது. கீழ்க்கியருக்கு மாற்றி எஞ்சினை விரைந்து சுழற்றினால் இக்குறை ஓரளவு ஈடாகும். திறந்த நெடுஞ்சாலையில் பெட்ரோல் எஞ்சினின் உயர்சுழற்சித் திறன் பயன்படும்.

இழுவை மட்டுமே எஞ்சினின் தலைவிதியை முடிவு செய்வதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, மாருதி தன் டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது.

ஆகவே, ‘எத்தனை குதிரைத்திறன்?’ என்பதோடு ‘எத்தனை சுழற்சியில்?’ என்றும் வினவுதல் வேண்டும். நாம் செல்லும் சாலையே அதற்கு விடை கூறும்.

கற்பவை கற்றபின்…

இரண்டு சிறிய கார்களின் விளம்பரங்களைத் திரட்டி, 2,000 சுழற்சியில் அவை தரக்கூடிய பெருமக் குதிரைத்திறனைக் கணக்கிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.