துவிச்சக்கரவண்டியும் மாத்தளையின் மூவகை வழிகளும்

நாடு காண விழைவோர்க்கு வேகம் பகையாகும். மோட்டார் வண்டியிற் செல்வோன் ஊர்ப்பெயர்களை அறிவான், ஊரை அறியான். கால்நடையாகச் செல்வோன் ஊரை அறிவான். ஆயின் ஒரு நாளில் அவன் காண்பது சிறிதேயாம். இவ்விரண்டற்கும் இடைப்பட்டது துவிச்சக்கரவண்டிப் பயணம். மணிக்குப் பத்து அல்லது பதினைந்து கிலோமீற்றர் செல்வோனுக்கு ஆற்றின் ஒலியும் காட்டின் மணமும் தப்புவதில்லை. மாலைக்குள் அவன் மலையடிவாரத்தையும் சமவெளியையும் ஒருங்கே கண்டுவிடுகிறான். ஆயினும் இப்பயன் கைகூடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. செல்லும் வழி மோட்டார் ஊர்திகளின் நெருக்கடி அற்றதாதல் வேண்டும்.

1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவினவான வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1888இல் டன்லொப் காற்றடைத்த சக்கரத்தை ஆக்கினார். அக்காலத்து வீதிகளில் மோட்டார் இல்லை. எவ்வீதியும் வண்டியோட்டிக்கு உரியதாயிருந்தது. மோட்டார் பெருகியபின் அவன் வீதியோரத்திற்குத் தள்ளப்பட்டான். ஆதலின் மேனாட்டார் அவனுக்கெனத் தனிவழிகளைத் தேடலாயினர். டான்யூப் நதிக்கரையில், படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கரைவழியே இன்று பஸ்ஸாவிலிருந்து வியன்னாவரை செல்லும் புகழ்பெற்ற துவிச்சக்கரவண்டிப் பாதையின் அடிப்படையாகும். இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கிடையே கைவிடப்பட்ட இருப்புப்பாதை 1979 முதல் 1986 வரை அத்தகைய வழியாக மாற்றப்பட்டது. இவ்விரண்டும் இன்பத்தின் பொருட்டு அமைந்தவை அல்ல. வேறொரு தொழிலுக்கென அமைந்து, அத்தொழில் ஒழிந்தபின் எஞ்சியவை.

மாத்தளை மாவட்டத்திலும் மோட்டார் அருகிய வழிகள் பல உள. அவையும் பிற தொழில்களுக்காகவே அமைந்தவை. ஆயின் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இங்கு அத்தொழில்கள் இன்னும் ஒழியவில்லை. வாய்க்காலில் நீர் ஓடுகிறது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கப்படுகிறது. காட்டில் யானை நடமாடுகிறது. எனவே இவ்வழிகளில் வண்டியோட்டி உரிமையாளன் அல்லன், விருந்தினன். இவ்வுண்மையை உணர்ந்தாலன்றி இப்பயணம் பயன் தராது. சில வேளைகளில் உயிருக்கும் கேடாகும்.

நிலத்தின் இயல்பு

மலைநாட்டிற்கும் வறண்ட வலயத்திற்கும் இடையே 1,993 சதுர கிலோமீற்றர் பரப்பில் அமைந்தது மாத்தளை மாவட்டம். கிழக்கே தும்பர என வழங்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்க, வடக்கே நிலம் தாழ்ந்து தம்புள்ளை, சிகிரியா ஆகிய குன்றுகள் தோன்றும் சமவெளியாகிறது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை மாத்தளை, நாலந்தா, நாவுல, தம்புள்ளை வழியாகச் செல்கிறது. போக்குவரத்து மிகுந்த இச்சாலையை விட்டு விலகினாலன்றி அமைதி வாய்ப்பதில்லை.

விலகுவோர்க்கு வழிகாட்டுவன ஆறுகளே. சுது கங்கை மாத்தளை நகரினூடே ஓடுகிறது. களு கங்கை நக்கிள்ஸ் மலையிற் பிறக்கிறது. சிங்களத்தில் சுது என்பது வெண்மை. களு என்பது கருமை. வெள்ளாறும் காராறுமாகிய இவ்விரண்டின் நீரும் அம்பன் கங்கையைச் சேர்ந்து, அதன் வழியே மகாவலியை அடைகிறது. 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீரின் ஒரு பகுதியும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்னிலையத்திற்கு வந்து, பின்னர் சுது கங்கையில் விழுகிறது. ஆதலின் ஆற்றங்கரையிற் செல்வோர் நீரின் அளவு மழையினால் மட்டுமே மாறும் என எண்ணி இறங்குதல் ஆகாது. ஊராரைக் கேட்டறிந்தே நீராடல் வேண்டும்.

வாய்க்காற்கரை வழி

மூவகை வழிகளுள் முதலாவது வாய்க்காற்கரை. மாவட்டத்தின் கிழக்கெல்லையை அடுத்த எலஹெரவில் அம்பன் கங்கையை மறித்து நீரைத் திருப்பும் பணி பண்டைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதன் தொடக்கத்தை வசப மன்னனோடு இணைத்துக் கூறுவர். மின்னேரிக் குளத்தைக் கட்டிய மகாசேனன் காலத்தில், அதாவது கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்நீர் அக்குளம்வரை கொண்டு செல்லப்பட்டது.

நீர் மெல்ல ஓடவேண்டுமாயின் வாய்க்காலின் சரிவு மிகக் குறைவாயிருத்தல் வேண்டும். இதற்குச் சிறந்த சான்று அயல் மாவட்டமாகிய அநுராதபுரத்தில் உண்டு. கலாவாவியிலிருந்து செல்லும் ஜய கங்கை என்னும் வாய்க்கால் 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதற் பதினேழு மைலிற் சரிவு மைலுக்கு ஆறு அங்குலமே என்பர். வண்டியும் ஆளுமாக 80 கிலோகிராம் நிறை எனக் கொள்வோம். பத்துக்கு ஒன்று என்னும் சரிவுள்ள மலைவீதியில் ஏறும்போது ஏறத்தாழ எட்டுக் கிலோகிராம் நிறையை ஓயாது இழுப்பதற்கு ஒப்பான விசை வேண்டும். ஜய கங்கையின் கரையில் நீரோட்டத்தை எதிர்த்துச் சென்றாலும் சரிவின் பொருட்டு வேண்டுவது எட்டுக் கிராமுக்கும் குறைவே. எஞ்சிய உழைப்பெல்லாம் மண்ணின் உராய்வுக்கும் காற்றின் தடைக்குமே செலவாகும். நீருக்கென மட்டம் பார்த்த பண்டைத் தொழில்வல்லார் அறியாமலே வண்டியோட்டிக்கும் வழி சமைத்தனர் எனலாம்.

ஆயின் இக்கரைகள் மண்ணால் ஆயவை. மழையில் ஊறிய கரையிற் சக்கரம் தடம் பதித்தால், அத்தடத்தில் நீர் தேங்கி அரிப்புத் தொடங்கும். ஈரக்காலத்தில் இவ்வழியைத் தவிர்ப்பது உழவர்க்குச் செய்யும் கடமையாகும்.

தோட்டப்பாதை

இரண்டாவது வகை, மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டைப் பகுதிகளின் தோட்டப்பாதைகள். சரிவைத் தணிக்க வளைந்து வளைந்து ஏறும் இவை முன்னர்க் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலை, இறப்பர், கொக்கோ ஆகியவற்றிற்கும் பயன்பட்டவை. இவற்றை வெட்டியவர்கள் யாவர் என்னும் வினா எழாது இவ்வழியிற் செல்லுதல் நன்றன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னாரை அடைந்த தமிழ்த் தொழிலாளர், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். நீரின்மை, பசி, வாந்திபேதி, காய்ச்சல் ஆகியவற்றால் வழியிலேயே மாண்டோர் பலர். காடு கடந்து உயிரோடு வந்தோர் முதலிற் கண்ட மலைநாட்டு நகரம் மாத்தளையாகும். இந்நகரின் முத்துமாரியம்மன் ஆலயம் அம்மக்களின் பக்திக்குச் சான்றாக விளங்குகிறது. 1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதையும் தனுஷ்கோடியிலிருந்து கப்பற்சேவையும் அமைந்தபின் பயணத்தின் இயல்பே மாறியது. மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு நடைபவனி, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. முன்னோர் துன்புற்று நடந்த வழியை வழித்தோன்றல்கள் தாமே விரும்பி நடந்தமை அவ்வழிக்கு மீண்டும் ஒரு பொருளைத் தந்தது.

இன்றும் தோட்டப்பாதை உழைப்போரின் பாதையே. கொழுந்துக் கூடையோடு வருவோரையும் பாடசாலைச் சிறுவரையும் கண்டவிடத்து வண்டியோட்டி இறங்கி வழிவிடுதல் முறை. தோட்ட அலுவலகத்தில் முன்னரே அனுமதி பெறுதலும், லயக்குடியிருப்புகளை வேடிக்கைப் பொருளாக்கிப் படம்பிடியாதிருத்தலும் அவ்வாறே.

காட்டுவழி

மூன்றாவதாகிய காட்டுவழி எழிலில் முதலாவது, கடினத்திலும் முதலாவது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் இலுக்கும்புறையையும் அடையும் வீதி இவற்றின் நுழைவாயில். கணவாயின் ஒருபுறம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் மறுபுறம் வடகீழ்ப் பருவக்காற்றுக்கும் முகம்கொடுப்பதால், சில கிலோமீற்றருள் மரமும் வானமும் மாறக் காணலாம். ஏறும்போது மூச்சும் இறங்கும்போது தடுப்புக் கட்டைகளும் சோதிக்கப்படுகின்றன. நனைந்த இறக்கத்தில் கட்டைகளை இடைவிடாது அழுத்தாமல் விட்டு விட்டு அழுத்துதலே பாதுகாப்பு.

நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டிற் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. காட்டின் கீழ்ச்செடிகளை அகற்றி ஏலம் பயிரிட்டமையால் அதன் நிலத்தளம் முன்னரே புண்பட்டுள்ளது. ஆதலின் வண்டிகள் அனுமதிக்கப்பட்ட வீதியை விட்டு விலகிப் புதுத்தடம் இடுதல் ஆகாது.

நாவுல, எலஹெர, வஸ்கமுவப் புறங்களின் தாழ்நிலக் காடுகளில் வேறோர் இடர் உண்டு. துவிச்சக்கரவண்டியின் பெருஞ்சிறப்பு அதன் ஓசையின்மை. யானைக்காட்டில் அச்சிறப்பே குற்றமாகிறது. மோட்டாரின் இரைச்சலை யானை தொலைவிலேயே கேட்டு விலகக்கூடும். ஓசையற்ற வண்டியோ வளைவொன்றில் திடீரென அதன்முன் தோன்றிவிடும். விடியலிலும் அந்தியிலும் இவ்வழிகளைத் தவிர்த்தல், தனியே செல்லாமை, அன்று யானை நின்ற இடத்தை ஊராரிடம் கேட்டறிதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

வழிகளின் வருங்காலம்

வழிகள் நிலையானவை அல்ல. 2017, 2018ஆம் ஆண்டுகளில் முறையே நீர் தேக்கத் தொடங்கிய மொறகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்கள் பழைய பாதைகளையும் லக்கல பல்லேகமப் பழைய ஊரையும் மூடின. அங்கிருந்தோர் புதிய குடியிருப்புகளுக்குச் சென்றனர். வேளாண்மைக்கு அந்நீர் இன்றியமையாதது. ஆயின் நீரின்கீழ் மறைந்த வழிகளை அறிந்தோர் அவற்றை எழுதி வையாவிடின் அவை நினைவினின்றும் மறையும். தாரிட்ட வழிகளுக்கு வேறொரு முடிவு உண்டு. ஒரு வழியின் அமைதி புகழ் பெற, அப்புகழைக் கேட்டு மோட்டார்கள் வர, அமைதி அகலும்.

ஆதலின் புதிய வீதி அமைத்தலினும் பழைய வழிகளைக் கணக்கெடுத்தலே முதற்பணி. எவ்வழி எவர்க்கு உரியது, எப்பருவத்திற் செல்லலாம், எங்கே இறங்கி நடத்தல் வேண்டும் என்பவற்றை ஊராரைக் கேட்டு வரைபடத்திற் குறித்தல் மாணவர் சங்கங்களாலும் செய்யக்கூடியதே. அரசன் வெட்டிய வாய்க்காலும், தொழிலாளி வெட்டிய தோட்டப்பாதையும், யானை மிதித்த காட்டுவழியும் ஒரே மாவட்டத்தில் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கின்றன. அவற்றை மெல்லச் சென்று காண்போனுக்கு மாத்தளை தன் வரலாற்றைத் தானே உரைக்கும்.