அல்சேஷன் நாயின் குணவியல்பு

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்து செல்வோர், படலைகளிலே "கடிநாய் கவனம்" என்ற பலகை தொங்குவதைப் பலமுறை கண்டிருப்பர். அதைக் கண்டதும் சிறுவர்கள் ஒழுங்கையின் மறுகரைக்கு ஒதுங்குவார்கள். தபாற்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே மணியை அடிப்பார். உள்ளே நிற்பது பெரும்பாலும் சாதாரண ஊர்நாயாகவே இருக்கும். ஆனால், நிமிர்ந்த காதும் கறுத்த முதுகும் தாழ்ந்து வளைந்த வாலும் உடைய அல்சேஷன் ஒன்று அங்கு நின்றுவிட்டால், அவ்வீட்டின் மதிப்பே வேறாகிவிடுகின்றது.

பிள்ளைகள் பிறநாடுகளிற் குடியேறிவிட, முதிய பெற்றோர் மட்டும் பெரிய வளவிலே தனித்திருக்கும் வீடுகள் இன்று எம்மிடையே பல. கள்வர் பயத்துக்கு மருந்தாக அவ்வீடுகளில் அல்சேஷன் குட்டி வாங்கப்படுகின்றது. வாங்குவோர் அதன் தோற்றத்தை அறிவர், விலையையும் அறிவர், குணத்தை அறிந்தோர் எத்தனை பேர்?

எமது அயலில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு அல்சேஷன் குட்டியொன்று வந்து சேர்ந்தது. மூன்றாம் மாதத்திலேயே அது மாமரத்தடியிற் சங்கிலியாற் கட்டப்பட்டது. "கட்டி வளர்த்தாற்றான் மூர்க்கம் வரும்" என்று அயலார் கூறிய புத்திமதியை ஆசிரியர் நம்பினார். இரண்டு ஆண்டுகள் அந்நாய் அம்மரத்தைச் சுற்றியே வாழ்ந்தது. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பேரன், உருண்டோடிய பந்தைத் துரத்திக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடினான். நாய் அவன் காலைக் கவ்விவிட்டது. காயத்தைச் சவர்க்காரமிட்டு நெடுநேரம் கழுவிப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர். "இந்த நாயை இனி வைத்திருக்கக் கூடாது" என்று அன்றிரவே வீட்டார் முடிவு செய்தனர்.

மறுநாள் நாயைப் பார்க்க வந்த மிருக வைத்தியர் சொன்ன வார்த்தை இன்னும் என் நினைவில் இருக்கின்றது: "ஐயா, இது நாயின்ரை குணமில்லை, சங்கிலியின்ரை குணம்."

உயிர்வேலியாய்ப் பிறந்த நாய்

வைத்தியரின் கூற்றை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அந்நாய் பிறந்த தேசத்துக்குச் செல்லவேண்டும். ஜேர்மனியின் சமவெளிகளில் வேலியில்லாப் பயிர்நிலங்கள் பல இருந்தன. அவற்றின் நடுவே கிடக்கும் புல்லை ஆடுகள் மேயவேண்டும். பயிரிலோ வாய் வைக்கக் கூடாது. அங்கே கதியாலும் இல்லை, கிளுவையும் இல்லை. நாயே வேலியாயிற்று. பயிரின் எல்லை வழியே காலை முதல் மாலை வரை அது முன்னும் பின்னும் ஓடிக்கொண்டேயிருக்கும். எல்லை கடக்கும் ஆட்டைத் திருப்பும், ஆனால் காயப்படுத்தாது. மேய்ப்பன் தொலைவில் நிற்பான். அவன் குறிப்பை அறிந்து நடப்பதோடு, குறிப்பில்லாதபோது தானாக முடிவெடுக்கவும் அந்நாய் கற்றிருந்தது. பூவரசும் முள்முருக்கும் நட்டு உயிர்வேலி வளர்க்கும் எமக்கு, ஓடித்திரியும் இந்த உயிர்வேலியை விளங்கிக்கொள்வது கடினமன்று.

1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மக்ஸ் வொன் ஸ்ரெபானிற்ஸ் என்னும் குதிரைப்படைக் கப்டன், கால்ஸ்றூ நகரத்து நாய்க் கண்காட்சியிலே இத்தகைய மேய்ப்பு நாயொன்றைக் கண்டு விலைக்கு வாங்கினார். அதற்கு ஹொறாண்ட் எனப் பெயர் சூட்டி, அதையே முதலாவதாகப் பதிவு செய்து, ஜேர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கத்தை அம்மாதத்திலேயே நிறுவினார். அழகைக் காட்டிலும் உழைப்பும் அறிவுமே இவ்வினத்தின் இலக்கணம் என்பது அவர் கொள்கை. மேய்ச்சல் தொழில் அருகியபோது பொலிஸ் பணிக்கு இந்நாய்களைப் பழக்குமாறு வற்புறுத்தியவரும் அவரே.

முதலாம் உலகப் போரின்பின் ஆங்கிலேயர் ஜேர்மனி என்ற பெயரையே வெறுத்தனர். ஆதலால் எல்லைப்புற மாகாணமாகிய அல்சேஸின் பெயரால் இந்நாயை "அல்சேஷன்" என்றனர். அவர்கள் ஆட்சியிலிருந்த இலங்கையிலும் அப்பெயரே நிலைத்தது. இங்கிலாந்தில் 1977இல் பழைய பெயர் மீண்டபோதிலும், எம்மவர் நாவில் அது இன்றும் அல்சேஷன்தான்.

குணம் யாது?

இவ்வினத்தின் குணத்தை மூன்று பண்புகளாகச் சுருக்கிக் கூறலாம்.

முதலாவது, ஓயாத உழைப்பு நாட்டம். நாள் முழுவதும் ஓடப் பிறந்த உடலும், எதையேனும் ஆராய்ந்துகொண்டிருக்கும் மனமும் அதற்கு உண்டு. வேலை கொடாவிட்டால் அது தனக்குத்தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்: மண்ணைத் தோண்டும், செருப்பைக் கடிக்கும், நிழலைப் பார்த்துக் குரைக்கும்.

இரண்டாவது, வீட்டாரிடம் ஆழ்ந்த பற்று; அந்நியரிடம் ஒதுக்கம். ஒதுக்கம் வேறு, மூர்க்கம் வேறு. நல்ல அல்சேஷன் புதியவரைக் கண்டால் வாலாட்டி ஓடிவராது. பாய்ந்து கடிக்கவும் மாட்டாது. நின்று நோக்கும், வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கும், பின்னரே முடிவு செய்யும்.

மூன்றாவது, திடசித்தம். வெடியோசைக்கும் கூட்டத்துக்கும் கலங்காத நரம்புறுதியே இந்நாயின் உயர்ந்த இலட்சணமாகும். இது குறைந்த நாயே ஆபத்தானது. கடிக்கும் நாய்களிற் பல வீரத்தினாற் கடிப்பவை அல்ல, பயத்தினாற் கடிப்பவை. காதைப் பின்னே மடித்து, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கி உறுமும் நாய், "என்னை நெருங்காதே" என்று கெஞ்சுகின்றது. கட்டப்பட்ட நாய்க்கு ஓடித் தப்ப வழியில்லை. ஆதலால் அதற்கு எஞ்சியிருப்பது பல் ஒன்றே.

குணம் பிறப்பினால் மட்டும் அமைவதன்று. அமெரிக்க அறிஞர்களான ஸ்கொட், புல்லர் இருவரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல், குட்டிப்பருவத்தின் மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலத்தின் முக்கியத்துவத்தை விளக்கியது. அக்காலத்திற் குட்டி எவற்றை அச்சமின்றிக் காண்கின்றதோ அவற்றை உலகின் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். குடை பிடித்தவர், மீன் விற்பவர், முச்சக்கரவண்டி, கலியாண வீட்டு மேளம், ஓடி விளையாடும் குழந்தைகள் ஆகிய யாவற்றையும் அது அப்போதே காணவேண்டும். தடுப்பூசிகள் நிறைவுறும்வரை கையில் ஏந்தியாவது காட்டவேண்டும். எம் ஆசிரியர் வீட்டுக் குட்டியோ அந்த நாட்களில் மாமரத்தை மட்டுமே கண்டது. ஓடிவரும் சிறுவனை அது அதற்குமுன் பார்த்ததேயில்லை.

குணத்தின் சிகரம்

இந்நாயின் குணம் எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். போரிற் கண்ணிழந்தோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பாடசாலை 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் ஆரம்பமாயிற்று. 1928இல் மொறிஸ் பிராங்க் என்னும் கண்ணற்ற அமெரிக்க இளைஞர் சுவிற்சர்லாந்து சென்று, "படி" என்னும் பெட்டை அல்சேஷனோடு பழகி, அதன் துணையால் நியூயோர்க் நகரத்து வீதிகளைக் கடந்து காட்டினார். வழிகாட்டும் நாய் கற்கவேண்டிய மிகக் கடினமான பாடம் கீழ்ப்படிதல் அன்று, கீழ்ப்படியாமையாகும். எசமான் "போ" என்றாலும் வாகனம் வருமாயின் அது அசையாது நிற்கவேண்டும். தானாக முடிவெடுக்கும் மேய்ப்பு நாயின் அறிவே இங்கு மனித உயிரைக் காக்கின்றது.

எமது நாட்டிலும் 1948 முதல் பொலிஸ் நாய்ப் பிரிவு இயங்கி வருகின்றது. கண்டி அஸ்கிரியவில் அதன் தலைமையகம் உள்ளது. போர் வடுப்பட்ட வடக்கு மண்ணிலே புதைந்து கிடந்த கண்ணிவெடிகளை மோப்பத்தால் தேடும் பணியிலும் நாய்கள் உழைத்தன. மனிதன் புதைத்த கொடுமையைக் கண்டறிய நாயின் மூக்கு உதவியது என்பதை மாணவர்கள் சிந்தித்தல் நன்று.

யாழ்ப்பாணத்து வெயிலில்

குளிர்தேசத்து நாயாகையால் இதற்கு இரட்டை அடுக்கு உரோமம் உண்டு. வெப்பத்தைத் தணிக்க அதனை மழித்தல் தவறு. நாளும் வாரிவிடுதலே முறை. உச்சிவெயிலில் தார்வீதியில் நடத்தலாகாது. நிழலும் குளிர்ந்த நீரும் எப்போதும் வேண்டும். உண்ணிகளை அன்றாடம் களையவேண்டும். ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி இடவேண்டும். வளர்ந்த கடுவன் முப்பது முதல் நாற்பது கிலோ வரை நிறையுடையது. அதை நடத்திச் செல்ல உடல்வலுவும் நேரமும் இல்லாதவர்கள், இரக்கத்தினாலும் இதனை வாங்காதிருத்தலே நலம்.

ஆசிரியர் வீட்டு நாய் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதனை எவரும் கொண்டு செல்லவில்லை. வைத்தியரின் சொற்படி வளவின் பின்புறத்தில் விசாலமான கூடு அமைக்கப்பட்டது. நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஆசிரியர், "என்னடா ராசா, போவமே?" என்று கேட்டுக்கொண்டு, அதனை வாரிற் பிடித்து வேலியோரமாக நடத்தலானார். ஆரம்பத்தில் பத்து அடி நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். சில மாதங்களில் இருவரும் ஒழுங்கை முனைவரை சென்று திரும்பினர். நாய் முற்றாக மாறிவிட்டது என்று நான் கூறமாட்டேன். இழந்த குட்டிப்பருவம் மீள்வதில்லை. சிறுவர்கள் வரும் நாட்களில் அது கூட்டுக்குள்ளேயே வைக்கப்படுகின்றது. ஆயினும் இப்போது அது நிழலைக் கண்டு குரைப்பதில்லை. தபாற்காரரின் மணி கேட்டால் எழுந்து நின்று, ஆசிரியரின் முகத்தைப் பார்க்கின்றது.

மாமரத்தடியிற் சங்கிலி இன்னும் கிடக்கின்றது. அதில் துருவேறிவிட்டது.