தாத்தாவின் ரிமோட்டும் கேம் பெட்டியும்



வீடியோ கேம் பெட்டி என்றால் கார் ஓட்டவும் சண்டை போடவும் மட்டும்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்கு எங்க மாமா, தான் விளையாடி அலுத்துப்போன பழைய பிளேஸ்டேஷன் 3 பெட்டியைக் கொண்டு வந்து தந்தார். அதில் நாங்க விளையாடினது கொஞ்சம். தாத்தா கூத்து பார்த்ததுதான் அதிகம்.

என் தாத்தா தெருக்கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டியவர். அவர் தபசு மரம் ஏறிப் பாடின வீடியோ எங்க வீட்டு உள் ரூம் கம்ப்யூட்டரில் இருக்கு. டி.வி. இருப்பதோ முன் ரூமில். தாத்தாவுக்கு வாதம் வந்து வலது கை சரியா வராது. எழுந்து உள்ளே போய் உட்கார முடியாது. அங்கே இருக்கும் படத்தை இங்கே எப்படிக் காட்டுறது?

இதற்குத்தான் ஸ்ட்ரீமிங் என்று பெயர். குடத்தில் பிடித்து வைக்காமல் குழாயிலேயே வாய் வைத்துக் குடிக்கிற மாதிரி. படம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். வை-ஃபை ரூட்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும், பெட்டி அதை வாங்கி டி.வி.க்குத் தரும். இதற்கு இன்டர்நெட் கூட வேண்டாம், ரூட்டர் இருந்தால் போதும்! கம்ப்யூட்டரில் மீடியா சர்வர் என்ற சாஃப்ட்வேர் ஓட வேண்டும். வேறு வேறு கம்பெனி மெஷின்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க டி.எல்.என்.ஏ. என்று ஒரு பொது முறை உண்டு. பிளேஸ்டேஷன் 3-க்கு அது 2007-ல் வந்தது.

படம் வந்துவிட்டது. ஆனா கேம் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடிக்கணும். தாத்தாவால் முடியுமா? நான் பள்ளிக்கூடம் வந்துவிட்டால் "அந்த இடத்தைத் திரும்பப் போடும்மா" என்று கேட்க ஆளில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். டி.வி. ரிமோட் என்றால் இடது கையாலேயே அழுத்துவார். அதைப் பெட்டிக்கு நேராக நீட்டி அழுத்திப் பார்த்தோம், அசையவே இல்லை. ஒரு கடையில் "எல்லாத்துக்கும் ஆகும்" என்று சொல்லி இன்னொரு ரிமோட் கொடுத்தார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. பெட்டிதான் ரிப்பேர் என்று அம்மா சொன்னாங்க.

ரிப்பேர் இல்லை! சாதாரண டி.வி. ரிமோட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு மினுக்கும். ரிமோட்டின் முனையை செல்போன் கேமரா முன்னால் வைத்து பட்டனை அழுத்துங்கள், ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும். (சில போனில் பின் கேமராவில் தெரியாது, முன் கேமராவில் பாருங்கள்.) அந்த ஒளியைப் பார்க்க எதிரில் ஒரு கண் வேண்டுமே? எக்ஸ்பாக்ஸ் 360-ல் அது உண்டு. பிளேஸ்டேஷன் 3-ல் கிடையாது. அது ப்ளூடூத் என்ற ரேடியோ அலையை மட்டும்தான் கேட்கும். கண் இல்லாதவரிடம் சைகை காட்டினால் எப்படித் தெரியும்? அதற்கென்றே ஒரு ப்ளூடூத் ரிமோட்டைத் தனியாக விற்றார்கள். பழைய மாடல் என்பதால் மாமா தேடிய கடைகளில் கிடைக்கவில்லை.

அப்புறம் மாமாதான் வேறு வழி கண்டுபிடித்தார். பெட்டியையும் டி.வி.யையும் சேர்க்கும் எச்.டி.எம்.ஐ. வயரில் 19 பின் இருக்கிறது. அதில் 13-வது பின் படத்துக்கு இல்லை, மெஷின்கள் ஒன்றோடொன்று பேச! இதற்கு சி.இ.சி. என்று பெயர். நாம் ரிமோட்டை டி.வி.க்குக் காட்டி அழுத்தினால், டி.வி. அதை வயர் வழியாகப் பெட்டிக்குச் சொல்லும். டி.வி.க்குத்தான் கண் இருக்கே!

இதைப் பெட்டியின் செட்டிங்ஸிலும் டி.வி. செட்டிங்ஸிலும், இரண்டிலும் ஆன் செய்யணும். ஒன்றில் விட்டாலும் வேலை செய்யாது. நாங்க முதலில் விட்டோம். பல டி.வி.யில் சி.இ.சி. என்று மட்டும் எழுதியிருக்காது. சாம்சங் அனிநெட் பிளஸ் என்கிறது, எல்.ஜி. சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. ஒரே விஷயத்துக்கு ஏன் இத்தனை பெயரோ! இன்னொன்று, 2009-ல் வந்த மெலிசான மாடலிலிருந்துதான் இந்த வசதி. 2006-ல் வந்த குண்டு மாடலுக்கு இல்லை. எங்களுடையது மெலிசு.

எல்லா பட்டனும் வேலை செய்யாது. அம்புக்குறி, ஓகே, நிறுத்துவது, பின்னால் ஓட்டுவது எங்க டி.வி.யில் வேலை செய்கிறது. காலையில் நான் கிளம்பும்போது கம்ப்யூட்டரையும் பெட்டியையும் போட்டுவிட்டு வருவேன். சாயந்திரம் போனால் தாத்தா படத்தை நிறுத்தி வைத்துக் காத்திருப்பார், தபசு மரத்தில் எந்தப் படியில் தாளம் தப்பியது என்று எனக்குக் காட்ட.