பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு பலகை

தமிழ்ப் புலவர்கள் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் கவனித்து, அதைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையை உண்டாக்கினார்கள். உலா நூல்கள் பெண்ணின் வயதை ஏழு பருவங்களாக வகுத்தன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரிக்கு மங்கை என்றும், அதற்கு மேல் பத்தொன்பது வரை மடந்தை என்றும் பெயர் வைத்தன. ஆனால் பிள்ளைத்தமிழைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் பெரியவர்கள். உலாவில் வரும் மங்கைக்கோ வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஆத்திசூடி பிள்ளையை நேராகப் பார்த்துப் பேசுகிறது; பேசுவது முழுக்கக் கட்டளை. இளையவர்களை வியந்து பாடவும் அவர்களுக்குப் புத்தி சொல்லவும் நமக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. அவர்கள் தாமாக எடுத்துப் படித்துத் தாமே முடிவுக்கு வரும்படி எழுதும் பழக்கம்தான் குறைவு. பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒரு பிள்ளைக்குத் தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் இன்றும் நாம் திணறுவதற்கு இந்தப் பழக்கக் குறைவே காரணம் என்பது என் கருத்து. குறை பிள்ளைகளிடத்தில் இல்லை. எழுதுகிறவரும் பதிப்பிக்கிறவரும் வாங்கிக் கொடுக்கிறவரும் படிக்கப்போகும் பிள்ளையை விட்டுவிட்டு, பெற்றோரின் முகத்தையும் ஆசிரியரின் முகத்தையுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. பாரதியின் பாப்பா பாட்டும் கவிமணியின் பாடல்களும் பாதை போட்டன. 1944இல் ‘மலரும் உள்ளம்’ தொகுப்போடு வந்த அழ. வள்ளியப்பா, வங்கி வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுவதையும் குழந்தைகளுக்காகச் செலவிட்டார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றவரும் அவரே. 1947இல் அம்புலிமாமா, அடுத்து கண்ணன், 1972இல் கோகுலம், எண்பதுகளில் வாண்டுமாமாவின் பூந்தளிர், அறிவியலுக்கென்று துளிர் என இதழ்கள் வரிசையாக வந்தன. ஆனால் பன்னிரண்டு வயதுக்காரர்கள் பெரியவர்களைக் கேட்காமல், கையில் இருந்த சில்லறையைக் கொடுத்துத் தாங்களே வாங்கியவை வேறு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி அதில் ஒன்று. தமிழ்வாணனின் சங்கர்லால் இன்னொன்று. மாயாவி பிரிட்டிஷ் படக்கதையின் தமிழாக்கம். அதை வாங்கிக் கொடுத்த ஆசிரியர்கள் எத்தனை பேர் இருந்திருக்கப் போகிறார்கள்? அரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பழைய இதழ்களைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பதின்பருவத்துப் பிள்ளை தனக்கானதைக் கண்டுகொண்டால் எப்படிப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் அது ‘கெட்ட பழக்கம்’ என்று எண்ணப்பட்டதால் அந்த ஆர்வத்தின் மேல் யாரும் எதையும் கட்டி எழுப்பவில்லை. நமக்குப் பெரிய இழப்பு அதுதான்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் சிறார் எழுத்து மீண்டும் தழைத்திருப்பது மறுக்க முடியாத நல்ல செய்தி. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்குகிறது. தவறான தொடுகையைப் பற்றிப் பேசத் துணிந்த யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இலும், கீழடியைக் கதைக்குள் கொண்டுவந்த உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இலும் அந்த விருதைப் பெற்றன. இவை பழைய நீதிக் கதைகளை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட நூல்கள். ஆனால் இந்த அலையின் பெரும்பகுதி பத்து, பன்னிரண்டு வயதில் வந்து நின்றுவிடுகிறது. பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கிய இதழ்களைப் பாருங்கள்: நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறு முதல் ஒன்பது வரை தேன்சிட்டு. அடுத்த வகுப்பு பத்தாம் வகுப்பு, அதாவது பொதுத்தேர்வு. உடம்பும் மனமும் தலைகீழாக மாறுகிற, காதலும் சாதியும் அவமானமும் முதன்முதலாக நேரே வந்து முகத்தில் அறைகிற ஆண்டுகளில் பிள்ளையின் கையில் எஞ்சுவது பாடநூலும் வினா வங்கியும்தான். ஓங்கில் கூட்டம் போன்ற ஒரு சிலர் பதின்பருவத்தினருக்கென்றே சிறு நூல்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய காரியம். ஆனால் ஒரு மொழியின் பசியை ஒரு குழு தீர்த்துவிட முடியாது.

இந்த வெற்றிடத்தைப் புதிதாக எழுதித்தான் நிரப்ப வேண்டும் என்று நினைப்பது பாதி உண்மை. மீதிப் பாதி, தேடிக் கண்டெடுப்பதில் இருக்கிறது. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். அண்ணனைப் பறிகொடுத்த பதினைந்து வயதுச் சிதம்பரம் பழிதீர்த்துவிட்டுத் தந்தையோடு காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. அதிலிருந்து உருவான ‘அசுரன்’ திரைப்படத்தை 2019இல் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். மூலக்கதையின் நாயகன் தங்கள் வயதுக்காரன் என்று அவர்களில் எத்தனை பேருக்கு நாம் சொன்னோம்? அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) இந்திய விடுதலையை ஒட்டிய நாட்களின் செகந்திராபாத்தில் கிரிக்கெட் மட்டையோடு திரியும் சந்திரசேகரன் என்ற மாணவனின் கதை. ஊர் பற்றி எரியத் தொடங்கும்போது வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பையனுக்குள் என்ன நடக்கிறது என்பதை அதைவிட நேர்மையாகச் சொன்ன தமிழ் நூலைக் காண்பது அரிது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் உலகம். இவை எல்லாம் நூலகத்தில் பெரியவர்களின் நாவல் வரிசையில் நிற்கின்றன. குழந்தைகள் பகுதியிலிருந்து எழுந்துவந்த பதினான்கு வயதுப் பெண் அந்த வரிசையின் முன் நின்றால், ஆயிரம் முதுகட்டைகளில் எது தன்னைப் பற்றியது என்று எப்படி அறிவாள்? புத்தகம் இருப்பது வேறு, அது உரிய கைக்குப் போய்ச் சேருவது வேறு. நாம் முதலாவதோடு திருப்தி அடைந்துவிடுகிறோம்.

இனி எழுதுவதைப் பற்றி. பதின்பருவத்துக்கான நூலைத் தீர்மானிப்பது எதைச் சொல்கிறோம் என்பதைவிட யார் சொல்கிறார்கள் என்பதே. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ தமிழில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட சிறு நூல்களில் ஒன்று. கேள்வி கேட்டே பள்ளியில் அடிபடும் ஒரு மாணவியின் கதை. பலரை அழவைத்தது, ஆசிரியர்கள் சிலரின் போக்கையே மாற்றியது என்றும் சொல்லலாம். ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர் ஆசிரியை. ஆயிஷாவை நாம் பார்ப்பது அவருடைய குற்ற உணர்வின் வழியாக. அது ஆசிரியர்களுக்கு எழுதப்பட்ட மகத்தான கடிதம். ஆயிஷா தானே வாய் திறந்து பேசியிருந்தால் வேறொரு நூல் பிறந்திருக்கும். இதோடு சத்யஜித் ராய் செய்ததை ஒப்பிடுங்கள். தம் பாட்டனார் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ இதழை 1961இல் உயிர்ப்பித்து, அதில் 1965 முதல் ஃபெலூடாவின் துப்பறியும் கதைகளை எழுதினார். துப்பறிகிறவர் இளைஞர், கதை சொல்வதோ தபேஷ் என்ற பள்ளிச் சிறுவன். அவன் கவனிப்பதைத்தான் வாசகனும் கவனிக்கிறான், அவன் ஏமாறும் இடத்தில்தான் ஏமாறுகிறான். இளம் வாசகர்களை மனதில் கொண்டு பெரியவர்களின் குற்றங்களில் பாதியை ராய் விலக்க வேண்டியிருந்தது. ஆனால் அறிவுக் கூர்மையில் ஒரு மாற்றுக்கூடக் குறைக்கவில்லை. அதனால்தான் வங்காளத்தில் அந்தக் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறார்கள், வீ. பா. கணேசனின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் அவை கிடைக்கின்றன. அமெரிக்காவில் பதின்பருவ இலக்கியம் வேகம் பெறக் காரணமான ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தபோது அதை எழுதிய எஸ். இ. ஹின்டனுக்கு வயது 18. பதினைந்து வயதில் எழுதத் தொடங்கியவர் அவர். தம் ஊரில் இரு கும்பல்களாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும் பையன்களின் கதையைப் பதினான்கு வயது போனிபாய் என்பவனின் வாயாலேயே சொன்னார். அறிவுரை சொல்ல ஒரு பெரியவரைக் கதைக்குள் நுழைக்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

தமிழில் இதற்கு இன்னொரு தடை உண்டு: பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி. பெரியவர்களுக்கான நாவலில் கோவில்பட்டிக்காரர் கோவில்பட்டிக்காரராகவே பேசும் உரிமையைக் கி. ராஜநாராயணனின் தலைமுறை வாங்கித் தந்துவிட்டது. பிள்ளைகளின் புத்தகத்திலோ வியாசர்பாடிப் பையனும் பாடநூல் தமிழில் ‘நான் விளையாடச் செல்கிறேன்’ என்றே பேசியாக வேண்டியிருக்கிறது. எழுத்துப் பிழை பழகிவிடும், தேர்வில் மதிப்பெண் போய்விடும் என்பது பெரியவர்களின் அச்சம். ஆறு வயதுக் குழந்தை விஷயத்தில் அந்த அச்சத்துக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. பதினான்கு வயதுக்காரருக்கு எது வகுப்பறை மொழி, எது தெருவின் மொழி என்று நன்றாகவே தெரியும். கதைமாந்தர் பொய்யான தமிழில் பேசினால் கதையே பொய் என்று அவர் புத்தகத்தை மூடிவிடுவார். கி.ரா. ‘பிஞ்சுகள்’ குறுநாவலைக் கரிசல் மண்ணின் பேச்சிலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடித் திரியும் அந்தச் சிறுவனின் வாயில் வேறு எந்தத் தமிழ் பொருந்தும்? வழி அப்போதே போடப்பட்டுவிட்டது. அதில் நடந்தவர்கள்தான் குறைவு.

இத்தனைக்கும் எதிர்வாதங்கள் உண்டு. பதின்மூன்று வயதில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தே வளர்ந்த தலைமுறைக்குத் தனி அலமாரி எதற்கு, இதெல்லாம் மேலைநாட்டுப் புத்தக வணிகர்களின் ஏற்பாடு என்பது ஒன்று. கல்கியைப் படித்து வளர்ந்தவர்கள் உண்டு. ஐந்து பாகங்களின் கனத்தைப் பார்த்தே வாசிப்பைக் கைவிட்டவர்களும் உண்டு. முதல் வகையினர் எழுத்தாளர்களானார்கள், தங்கள் கதையைச் சொன்னார்கள். இரண்டாம் வகையினரின் கதையைச் சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான். அதோடு வந்தியத்தேவன் குதிரையில் போவது மற்றொரு காலத்தில். விடுதியில் சாதி கேட்டு அவமானப்பட்ட பையனுக்கு, முதல் மாதவிலக்கின் குழப்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு, அந்தக் குதிரை உதவாது. கைபேசி வந்தபின் யார் படிக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். அதே கைபேசியைக் கையில் வைத்திருக்கும் தமிழ்நாட்டு நகரத்துப் பிள்ளைகளில் பலர், எழுநூறு பக்கத்தைத் தாண்டும் ஹாரி பாட்டர் பாகத்தை ஆங்கிலத்தில் படித்து முடிக்கிறார்கள். அவர்கள் வாசிப்பை விடவில்லை, தமிழை விட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் எட்டாத பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை என்பதுதான் இதில் பெரிய அநீதி.

மூன்றாவது வாதம் கனமானது. காதல், உடல், தற்கொலை, சாதிக் கொலை இவற்றை எல்லாம் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பதில் அக்கறை இருக்கிறது; அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கித் தள்ளக் கூடாது. ‘வெக்கை’ ரத்தத்தோடு தொடங்கும் நாவல்; பதினோரு வயதுக்கு அது வேண்டாம் என்றே நானும் சொல்வேன். வயதுக்கென்று ஓர் அலமாரி வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம். இன்றைய நிலையில் பிள்ளை பத்து வயது நூலிலிருந்து நேரே எல்லாருக்குமான திரைக்கும் இணையத்துக்கும் தாவுகிறது. அங்கே காதலும் கொலையும் எந்த நிதானமும் இல்லாமல் கிடைக்கின்றன. ஒரு நல்ல நாவல் அதே விஷயத்தைக் காரணத்தோடும் விளைவோடும் காட்டுகிறது. பிடிக்காவிட்டால் மூடி வைக்கலாம், புரியாவிட்டால் திரும்பப் படிக்கலாம். கொலை செய்த பதினைந்து வயதுப் பையனுக்குப் பசியும் பயமும் எப்படி இருக்கும் என்று பூமணி காட்டியதைப் படித்த பிள்ளை அரிவாளைக் கொண்டாடாது.

எழுத்தாளர்கள் எழுதட்டும், அதற்குக் காலம் பிடிக்கும். அலமாரியில் ஒரு பலகையை ஒதுக்குவதற்குக் காலமும் வேண்டாம், பணமும் வேண்டாம். கிளை நூலகங்களில் பணிபுரிவோரிடமும் பள்ளி நூலகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘18வது அட்சக்கோடு’, ‘வெக்கை’, ‘பிஞ்சுகள்’, ‘ஆயிஷா’, ஃபெலூடா வரிசை இவற்றில் சில உங்கள் நூலகத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடும், வெவ்வேறு மூலைகளில். அவற்றை எடுத்து, குழந்தைகள் பகுதியை விட்டுச் சற்றுத் தள்ளி, பதின்மூன்று வயதுக்காரர் கூச்சப்படாமல் வந்து நிற்கக்கூடிய ஓர் இடத்தில் ஒன்றாக வையுங்கள். அந்தப் பலகைக்கு என்ன பெயர் எழுதுவது என்பதையும், அடுத்து எந்தப் புத்தகத்தை அதில் சேர்ப்பது என்பதையும் அங்கே வந்து நிற்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.