பழைய டயரும் பகல் கொசுவும்

லாரி டயர் ஒன்றைத் தரையில் கிடத்தி, அதற்குள் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு அந்தத் தண்ணீரை முழுசாக வெளியேற்ற முயன்று பாருங்கள். சாய்த்தால் கொஞ்சம் வழியும், மிச்சம் அடிப்பக்கம் போய்த் தேங்கும். நிமிர்த்தி உருட்டினால் தண்ணீரும் உள்ளேயே சுற்றிவரும். கவிழ்த்துப் போட்டால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இறங்கி அங்கே உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பக்கம் திருப்பினாலும் டயர் தண்ணீரை விடாது. போதாக்குறைக்கு உட்புறம் இருட்டு, நிழல், காற்றில் வந்து விழும் இலைச் சருகு. ஏடிஸ் எஜிப்தி என்ற கொசுவிடம் வீட்டு வரைபடம் கேட்டிருந்தால் இதைத்தான் வரைந்து கொடுத்திருக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் இருக்கின்றன. பழைய டயரைக் காற்றுப் படாமல் சூடேற்றி எண்ணெயும் கரித்தூளும் பிரிக்கும் ஆலைகளும் இருக்கின்றன. இரண்டுக்குமே மூலப்பொருள் வேறெங்கோ கழித்துக் கட்டிய சாமான்தான். உலைக்குப் போகும்வரை அது யார்டில் வெட்டவெளியில் குவிந்து கிடக்கும். வாய் வெட்டிய டிரம், நசுங்கிய பெயின்ட் டப்பா, கழற்றிப் போட்ட ஃப்ரிட்ஜ், ஆளுயரத்துக்கு அடுக்கிய டயர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் இவை எல்லாவற்றிலும் ஒரே நாளில் தண்ணீர் பிடித்துவிடும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பது ஒரே வகைக் கொசு அல்ல. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகி ராத்திரி முழுக்கக் காதருகே ரீங்கரிப்பது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் இனம் இது. மூடாத கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் சுத்தமான தண்ணீர் தேடிப் போவது அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி; சென்னைப் பக்கத்து மலேரியாவுக்குக் காரணம் இதுதான். பழவேற்காட்டு உப்பங்கழியில் வளர்பவை தனி இனங்கள். ஆனால் தொழிற்பேட்டைக்கு என்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற கொசு ஏடிஸ்தான். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள், முதுகில் யாழ் வடிவத்தில் வெள்ளைக் கோடு. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் சுமப்பது. இந்த ஊர்க் காய்ச்சல்களில் டெங்கு ஒன்றும் புது விருந்தாளி அல்ல. 1780-லேயே சென்னையில் டெங்கு போன்ற ஒரு காய்ச்சல் பரவியதாகப் பதிவு இருக்கிறது. 2006-ல் சிக்குன்குனியா வந்து மூட்டு மூட்டாய் முடக்கிப்போட்டதைத் தமிழ்நாட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏடிஸின் பலம் அதன் முட்டையில் இருக்கிறது. கியூலெக்ஸ் தன் முட்டைகளைத் தண்ணீர்மேல் தெப்பம்போல மிதக்க விடும். தண்ணீர் வற்றினால் எல்லாம் போயிற்று. ஏடிஸ் அப்படிச் செய்யாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டும். இட்டபோது வெள்ளையாக இருக்கும் முட்டை சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கறுப்பு ரப்பர்மேல் கறுப்புப் புள்ளி. டார்ச் அடித்துத் தேடினாலும் அழுக்கென்றுதான் தோன்றும். இரண்டு மூன்று நாளில் உள்ளே கரு முழுமையாகிவிடும். அதன்பிறகு தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. நிழலில் ஒட்டியிருந்தால் மாதக்கணக்கில் காய்ந்தபடி காத்திருக்கும். அடுத்த மழையில் மட்டம் உயர்ந்து முட்டை நனைந்ததும் புழு வெளியே வரும். அதிலும் ஒரு சாமர்த்தியம்: முதல் நனைப்பிலேயே எல்லா முட்டையும் பொரிந்துவிடாது. சில அடுத்த மழைக்கும், சில அதற்கடுத்த மழைக்கும் என்று தவணை முறையில் பொரியும். ஒரு மழை ஏமாற்றினாலும் வம்சம் தப்பிவிடும்.

இதனால்தான் டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து சொல்கிறார்கள். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கொட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது வேறு கதை.

டயரில் ஒட்டிய முட்டை கப்பலேறவும் செய்யும். 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஏடிஸ் எஜிப்தியின் ஒன்றுவிட்ட சகோதரியான ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கூட்டமாகத் தென்பட்டது. ஆசியக் காடுகளுக்கு உரிய கொசு அங்கே எப்படிப் போனது என்று துருவியவர்கள், ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களோடு போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1990-ல் இத்தாலியின் ஜெனோவா நகரிலும் அதே கதை, அதே சரக்கு.

புழு பிறந்தபின் எல்லாம் வேகம்தான். நம் ஊர் வெப்பத்தில் ஐந்தாறு நாள் புழு, இரண்டு நாள் கூட்டுப்புழு, பிறகு றெக்கை. மொத்தம் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூட. வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பாத்திரத்தையும் காயவிடுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்வதன் கணக்கு இதுதான். புழு வால்பக்கக் குழாயைத் தண்ணீர் மேற்பரப்பில் நீட்டித்தான் மூச்சு விடும். குடிக்காத தண்ணீரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டால் அது திணறிச் சாவது இதனால்தான். புழங்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அபேட் மருந்து உண்டு. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டெடுத்த பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவும் உண்டு. அதன் புரதப் படிகத்தைப் புழு தின்றால் அதன் குடல் சிதைந்துபோகும். மீனுக்கும் மனிதனுக்கும் ஒன்றும் ஆகாது. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் மத்திய அரசின் கொசு ஆய்வு மையம் இந்த பாக்டீரியாவின் ஒரு வகையை இங்கேயே வளர்த்தெடுத்திருக்கிறது.

இத்தனை இருந்தும், காய்ச்சல் செய்தி வந்ததும் ஊர் கேட்பது ஒன்றே ஒன்று: "புகை அடிக்க ஆள் வரலையா?"

புகை இயந்திரம் பார்க்க வீரமாக இருக்கும். பூச்சிமருந்தை டீசலில் கலந்து, சூடான குழாய் வழியே நுண்துளிகளாகச் சிதறடிப்பது அதன் வேலை. அந்தத் துளி பறக்கும் கொசுவின் மேல் பட்டால் கொசு சாகும், படாவிட்டால் இல்லை. புகை கலைந்த பிறகு அங்கே மருந்து என்று எதுவும் மிஞ்சாது, புழுவுக்கும் முட்டைக்கும் ஒரு சேதமும் கிடையாது. இருட்டிய பிறகு தெருவில் புகை அடிக்கும்போது ஏடிஸ் தெருவிலேயே இருக்காது. அது பகல் கொசு. பொழுது விடிந்த சில மணி நேரமும், பொழுது சாயும் முன் சில மணி நேரமும்தான் அதற்குப் பந்தி. மற்ற வேளையில் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், கொக்கியில் தொங்கும் கருநீல யூனிஃபார்மின் மடிப்பில் ஓய்வெடுக்கும். டெங்கு கண்ட வீட்டைச் சுற்றி, சரியான நேரத்தில், கதவைத் திறந்து வைத்து உள்ளேயும் அடித்தால் பலன் உண்டு. தெருக்கோடியில் அடித்துவிட்டுப் போவது மக்களுக்கு ஒரு சமாதானம், அவ்வளவுதான்.

இந்தப் பகல் கணக்கில் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு அறைக்கு வருபவர், குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும் நேரம் ஏடிஸ் எழுந்து வரும் நேரம். லைன் வீட்டு அறைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஒரே பாயை ஷிப்ட் மாற்றி மாற்றிப் பகிர்ந்து தூங்குகிறார்கள். வாசலில் தண்ணீர் பிடித்து வைத்த டிரம், பெரும்பாலும் மூடி இல்லாமல். அசந்து தூங்குகிறவர் கையைக் காலை அசைத்தால் ஏடிஸ் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்து ஆளிடம் போகும். வயிறு நிறைய நாலைந்து பேரைக்கூடக் கடிக்கும். ஒரே அறையில் அடுத்தடுத்து மூன்று பேர் காய்ச்சலில் விழுவது இப்படித்தான். கொசுவலை ராத்திரிக்கு என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போய்விட்டது. நைட் ஷிப்ட்காரருக்கு அது பகலில்தான் வேண்டும்.

கடி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நுணுக்கமான துளைப்பு. வெளியே தெரியும் மூக்கு வெறும் உறை. தோலுக்குள் போகாது, வில்லாக வளைந்து வெளியே நிற்கும். உள்ளே போவது ஆறு ஊசிகள். ரம்பப் பல் உள்ள இரண்டு தோலை அறுக்கும், இரண்டு வழியை விலக்கிப் பிடிக்கும், ஒன்று எச்சிலை இறக்கும், ஒன்று ரத்தத்தை உறிஞ்சும். ரத்தம் உறையாமலிருக்க இறக்கும் அந்த எச்சிலோடுதான் வைரஸும் வருகிறது. அரிப்பு, நம் உடம்பு அந்த எச்சிலுக்குக் காட்டும் எதிர்ப்பு. துளைப்பது பெண் மட்டுமே. முட்டைக்குப் புரதம் வேண்டுமே.

ஆளை அது கண்டுபிடிப்பது நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவை வைத்து. கிட்டே வந்ததும் வியர்வை வாடை, உடல் சூடு, அடர்ந்த நிறம். உலைப் பக்கம் நின்றுவிட்டு வியர்த்து வழிய டீக்கடைக்கு வரும் ஆளைவிட அதற்கு நல்ல இலக்கு இல்லை. மின்விசிறி எளிய ஆயுதம். மூச்சையும் வாடையையும் கலைத்துவிடும், கொசுவுக்கு அந்தக் காற்றில் இறங்கவும் வராது. பூசிக்கொள்ளும் களிம்புகளில் டீட் என்ற மருந்துதான் பழைய கை: 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கியது, இன்றும் அதை விஞ்சுவது அரிது. சுருளைப் பொறுத்தவரை எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மலேசிய, சீனச் சுருள்களை வைத்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. ஜன்னல் சாத்திய பத்துக்குப் பத்து அறையில் அதைக் கொளுத்தி வைத்துக்கொண்டு தூங்குவது, கொசுவுக்குப் பயந்து நுரையீரலைக் கொடுப்பது.

குளிர்காலத்தில் பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்கு வருபவர்களுக்கும் இதே விதிகள்தான்: வெளிர்நிற முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடிய உடை, படகேறும் முன் களிம்பு. தங்கும் விடுதியில் மெத்தையைப் பார்ப்பதற்கு முன்னால் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும், ஏசி தண்ணீர் சொட்டும் வாளியையும், தண்ணீர் ஓடாத அலங்கார நீரூற்றையும் ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது. ஏடிஸ் நெடுந்தூரம் பறக்காது. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து இருநூறு, முந்நூறு மீட்டருக்குள்தான் அதன் வாழ்க்கை. உங்களைக் கடித்த கொசு அந்த வளாகத்திலோ பக்கத்து மனையிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

யார்டுக்கும் இந்தத் தூரக் கணக்கு பொருந்தும். டயர் குவியலுக்குக் கூரை போட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. கூரைக்கு வழியில்லை என்றால் துண்டாக்கி வைக்கலாம், அல்லது அடியில் துளை போடலாம். தார்ப்பாய் போர்த்துவது அரைகுறை வைத்தியம். பாயின் பள்ளத்திலேயே தண்ணீர் தேங்கி அதில் புழு நெளிவதை எந்த மழைக்காலத்திலும் பார்க்கலாம். சட்டம் இல்லாமலும் இல்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசுவுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. தன் இடத்தில் கொசு பெருகும்படி தண்ணீர் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அது இடத்துக்கு உரியவர் தலையில் வைக்கிறது.

காய்ச்சல் வந்துவிட்டால் பாராசிட்டமால், நிறைய நீர்ச்சத்து, ரத்தப் பரிசோதனை. ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரைகள் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்ட மறுநாள் நிம்மதியாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. டெங்கு திரும்பிக் கடிப்பது பெரும்பாலும் அந்த ஓரிரு நாளில்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சல் அடிக்கும் நாட்களில் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அப்போது கடிக்கும் கொசு பத்து நாள் போல ஆனபின் மற்றவர்களுக்குப் பரப்பத் தயாராகிவிடும். ஆகவே அறையில் இருப்பது ஒரே வலை என்றால், படுத்திருக்கும் நோயாளிக்குப் பட்டப்பகலிலேயே அதைக் கட்டிவிடுங்கள்.